ஆபத்துக்கு உதவாத ஒத்திகை

ஓர் ஊரில் பயங்கரவாதிகள் குண்டு வைத்து இத்தனை பேர் மாண்டார்கள் என்று பத்திரிகையில் செய்தி வந்தால், அதன் பிறகு நடக்கிற காரியங்கள் இன்னவை என்பது நமது வாசகர்களுக்குத் தெரியாததல்ல. தலைவர்கள் கண்டனம் தெரிவிப்பார்கள். கோவிலிலும் மசூதியிலும் மாதா கோவிலிலும் பிரார்த்தனை நடக்கும். தெருமுனையில் மெழுகுவர்த்தி ஏற்றுவார்கள். உயிர் தப்பினவன் கடவுள் காப்பாற்றினார் என்பான். உயிர் விட்டவனைப் பற்றி, அவன் விதி அவ்வளவுதான் என்று பக்கத்து வீட்டுக்காரன் சொல்லுவான். குண்டு வைத்தவன் எந்த மதம், எந்த தேசம் என்பதைப் பற்றிப் பத்து நாள் சண்டை நடக்கும். பிறகு அவரவர் தங்கள் தங்கள் வேலையைப் பார்க்கப் போய்விடுவார்கள்.

ஆனால் குண்டு வெடித்த நிமிஷத்திற்கும், அடிபட்டவன் ஆஸ்பத்திரிக் கட்டிலில் கிடத்தப்பட்ட நிமிஷத்திற்கும் நடுவில் என்ன நடந்தது? எவ்வளவு நேரம் ஆயிற்று? வரவேண்டியவர்கள் அந்த நேரத்தில் எங்கே இருந்தார்கள்? இந்தக் கேள்விகளை மாத்திரம் கேட்பவர்கள் மிகச் சிலரே. நாம் இவ்வாரம் அதைப்பற்றியே எழுத விரும்புகின்றோம். ஏனெனில், குண்டு அடித்த அக்கணமே சாகிறவர்கள் ஒரு பங்கு என்றால், குண்டுக்குத் தப்பிப் பிழைத்துக் கிடந்து, உதவி வராததால் இரத்தம் வடிந்து சாகிறவர்கள் இன்னொரு பங்கு. முதல் பங்குக்குக் குண்டு வைத்த பாதகன் ஜவாப்தாரி. இரண்டாவது பங்கையும் அவன் கணக்கிலேயே எழுதிவிட்டுச் சர்க்காரும் அதிகாரிகளும் கையைக் கழுவிக்கொள்வது நியாயமாகுமா என்பதே நமது கேள்வி.

இதை நாம் வெறும் வாதத்துக்காகச் சொல்லவில்லை. இங்கிலாந்து தேசத்து மான்செஸ்டர் நகரத்தில் நடந்ததைப் பாருங்கள். (நம்மவர்கள் கோயமுத்தூரைத் தென்னிந்திய மான்செஸ்டர் என்று பெருமையாகச் சொல்லிக்கொள்ளுவது வழக்கம். இந்த இரண்டு ஊருக்கும் நூல் ஆலை மாத்திரம் பொதுவல்ல என்பதைப் பின்னால் சொல்லுவோம்.) 2017-ம் வருஷம் மே மாதம் 22-ந் தேதி இரவு அங்கே ஒரு பெரிய மண்டபத்தில் அரியானா கிராண்டே என்ற அமெரிக்கப் பாடகியின் கச்சேரி நடந்தது. கூட்டத்தில் பெரும் பகுதி சிறுவர் சிறுமியர். கச்சேரி முடிந்து ஜனங்கள் வெளியே வரும்போது, மண்டபத்துக்கும் ரயில்வே ஸ்டேஷனுக்கும் நடுவிலுள்ள கூடத்தில், 10 மணி 31 நிமிஷத்துக்கு ஒருவன் தன் உடலோடு கொண்டுவந்த குண்டை வெடித்தான். 22 பேர் மாண்டார்கள். காயமடைந்தவர்கள் நூற்றுக்கணக்கானவர்கள்.

ரயில்வே ஸ்டேஷனில் இருந்த போலீசார் இரண்டு நிமிஷத்துக்குள் ஓடி வந்துவிட்டார்கள். அவர்கள் கையில் துப்பாக்கியும் இல்லை, மருந்தும் இல்லை. இருந்தாலும் வந்தார்கள். மண்டபத்துச் சிப்பந்திகளும், பிள்ளைகளை அழைத்துப்போக வந்திருந்த தாய் தகப்பன்மாரும், முன்பின் தெரியாத வழிப்போக்கர்களும் தங்களால் ஆனதைச் செய்தார்கள். ஆனால் இந்தக் காரியத்துக்கென்றே சம்பளம் கொடுத்து, உடுப்புக் கொடுத்து, வண்டி கொடுத்து வைத்திருக்கிற இலாக்காக்களின் கதையைக் கேளுங்கள்.

ஆம்புலன்ஸ் இலாக்காவின் முதல் ஆள் அந்தக் கூடத்துக்குள் காலெடுத்து வைத்தது குண்டு வெடித்து 19 நிமிஷம் கழித்து. அவர் ஒருவர். இன்னும் இரண்டு பேர் உள்ளே போனது குண்டு வெடித்து முக்கால் மணி நேரம் ஆகும் சமயத்தில். உயிரோடிருந்த அத்தனை பேரையும் அப்புறப்படுத்தி முடிக்கிற வரையில் அந்தக் கூடத்துக்குள் வேலை செய்த ஆம்புலன்ஸ் ஆட்கள் மொத்தம் 3 பேர்தான். வெளியே தெருவில் வண்டிகள் வந்து வரிசையாக நின்றுகொண்டிருந்தன. வண்டிகளுக்குள்ளே தூக்குக் கட்டில்கள் இருந்தன. ஒன்றுகூட மேலே கூடத்துக்குப் போகவில்லை. காயமடைந்தவர்களை விளம்பரப் பலகையிலும், மேஜையிலும், கூட்டத்தைத் தடுக்க வைத்திருந்த இரும்புத் தடுப்பிலும் போட்டுத் தூக்கிக்கொண்டு படி இறங்கினார்கள். உலகத்துக்கெல்லாம் இயந்திரம் செய்து விற்ற நகரத்தில் ஒரு மனிதனைத் தூக்க ஒரு கட்டில் கிடைக்கவில்லை!

தீயணைக்கும் படையின் கதை இதைவிட மோசம். அவர்களுடைய ஸ்டேஷன் ஒன்று அந்த இடத்திலிருந்து அரை மைல் தூரத்தில் இருந்தது. குண்டுச் சத்தம் அங்கேயே கேட்டது என்கிறார்கள். அவர்களிடம் இப்படிப்பட்ட சந்தர்ப்பத்துக்கென்றே பழக்கப்பட்ட ஆட்கள் இருந்தார்கள். ஆளைத் தூக்கிக்கொண்டு படி இறங்குவது அவர்களுக்குத் தினசரி வேலை. அந்தப் படை சம்பவ இடத்துக்கு வந்து சேர்ந்தது எப்போது தெரியுமா? குண்டு வெடித்து 2 மணி 6 நிமிஷம் ஆன பிறகு! அரை மைலை ஒரு நொண்டி நடந்தாலும் அரை மணி நேரம் ஆகாதே. அவர்கள் வந்தபோது தூக்குவதற்கு அந்தக் கூடத்தில் உயிருள்ளவர் ஒருவரும் இல்லை.

அவர்கள் பயந்தாங்கொள்ளிகளா? இல்லை. போகவேண்டும் என்று துடித்தார்கள் என்பதற்கும், பிற்பாடு வெட்கத்தினால் மனம் நொந்தார்கள் என்பதற்கும் விசாரணையில் சாட்சியம் இருக்கின்றது. அவர்களுடைய மேலதிகாரிக்கு, துப்பாக்கிக்காரன் எவனோ இன்னும் சுற்றித் திரிகின்றான் என்ற தகவல் வந்தது. உடனே அவர், வண்டிகளெல்லாம் தூரத்திலுள்ள வேறொரு ஸ்டேஷனில் போய்க் கூடட்டும் என்று உத்தரவு போட்டார். பிறகு உண்மையைத் தெரிந்துகொள்ளப் போலீஸ் அதிகாரிக்கு டெலிபோன் செய்தார், டெலிபோன் கிடைக்கவில்லை. மறுபடியும் செய்தார், கிடைக்கவில்லை. துப்பாக்கிக்காரன் ஒருவனும் இல்லை என்பது கூடத்துக்குள் நின்ற சாதாரணப் போலீஸ்காரனுக்குச் சீக்கிரத்திலேயே தெரிந்த விஷயம். அந்த ஒரு வார்த்தை அரை மைல் தூரம் போக இரண்டு மணி நேரம் பிடித்தது என்றுதான் சொல்லவேண்டும்.

டெலிபோனை எடுக்காத அந்தப் போலீஸ் அதிகாரி தூங்கவில்லை. அவர்மீது வைத்திருந்த பாரத்தைப் பாருங்கள். ஆயுதந் தாங்கிய போலீசாரை நடத்துவது அவர்; மற்ற இலாக்காக்களுக்குச் சொல்லுவது அவர்; எந்த இடம் அபாயம், எந்த இடம் அபாயமில்லை என்று பிரிக்கவேண்டியது அவர்; வருகிற டெலிபோனுக்கெல்லாம் பதில் சொல்லவேண்டியதும் அவரே. இதற்கென்று ஒரு திட்டம் எழுதி வைத்து, அதற்கு 'பிளேட்டோ' என்று கிரேக்க ஞானியின் பெயரையும் சூட்டியிருந்தார்கள். பெயருக்கு ஒன்றும் குறைவில்லை. அந்த அதிகாரி 10 மணி 47 நிமிஷத்துக்குத் திட்டம் அமுலுக்கு வந்தது என்று அறிவித்தார். ஆனால் அதை ஆம்புலன்ஸ்காரருக்கும் தீயணைப்புக்காரருக்கும் அறிவிக்கவில்லை. ஒவ்வொரு இலாக்காவும் தனக்குத் தோன்றிய இடத்தில் போய்க் கூடிற்று. எல்லோரும் ஒரே இடத்தில் கூடி ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துப் பேசவேண்டும் என்பது அவர்களுடைய திட்டத்தின் முதல் பாடம்!

அந்தப் பாடம் எப்படி வந்தது என்பதையும் சொல்லவேண்டும். 2005-ம் வருஷம் ஜூலை 7-ந் தேதி லண்டனில் சுரங்க ரயில்களிலும் ஒரு பஸ்ஸிலும் குண்டு வெடித்து 52 பேர் மாண்டார்கள். அதைப்பற்றி விசாரித்த அம்மையார் ஜஸ்டிஸ் ஹாலெட் 2011-ல் தம் முடிவைச் சொன்னார். இலாக்காக்கள் ஒன்றோடொன்று பேசிக்கொள்ளாத குற்றம் அதில் வெளியாயிற்று. அதன் பயனாக 2012-ல் மூன்று இலாக்காக்களுக்கும் பொதுவாக ஒரு திட்டம் ஏற்படுத்தி, புஸ்தகம் அச்சிட்டு, வகுப்பு நடத்தி, பரீட்சை வைத்தார்கள். ஐந்து வருஷம் கழித்து மான்செஸ்டரில் அந்தப் புஸ்தகத்தில் உள்ளபடி ஏறக்குறைய ஒன்றுமே நடக்கவில்லை. ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது என்று நம் கிழவிகள் சொல்லுவதை மூன்று இலாக்காக்கள் சேர்ந்து ருசுப்படுத்தின.

இவ்வளவும் எதிர்பாராமல் வந்த விபத்து, யார் என்ன செய்ய முடியும் என்று ஒருவர் சொல்லலாம். அங்கேதான் விஷயம் இருக்கின்றது. 2016-ம் வருஷம் மே மாதம், அதாவது குண்டு வெடிப்பதற்குச் சுமார் ஒரு வருஷத்துக்கு முன்னால், அதே மான்செஸ்டர் பகுதியில் ஒரு பெரிய கடை வளாகத்தில் இராத்திரி வேளையில் ஓர் ஒத்திகை நடத்தினார்கள். சுமார் 800 பேர் அடிபட்டவர்களாகவும் ஓடுகிறவர்களாகவும் நடித்தார்கள். குண்டுக்காரனாக வேஷம் போட்டவன் முஸ்லிம்கள் தொழுகையில் சொல்லுகிற வார்த்தையைச் சொல்லிக் கத்தினான். அதைப்பற்றி ஆட்சேபணை கிளம்பிற்று, ஆட்சேபணை நியாயமானதே. போலீஸ் அதிகாரிகள் மறுநாளே மன்னிப்புக் கேட்டுக்கொண்டார்கள். உலகத்துப் பத்திரிகைகளெல்லாம் அதை எழுதின.

ஆனால் அதே ஒத்திகையில் இன்னொரு குற்றமும் வெளிப்பட்டது. அந்த ஒற்றைப் போலீஸ் அதிகாரியின் தலைமேல் பாரம் அதிகமாகி, மற்ற இலாக்காக்களுக்குச் செய்தி போகவில்லை. அவர்கள் வெளியே காத்துக்கொண்டு நின்றார்கள். இதைப்பற்றி ஊரில் ஒருவரும் கூச்சல் போடவில்லை. ஏனெனில் ஊருக்கு அது தெரியாது. தெரிந்தவர்கள் குறிப்பு எழுதினார்கள். கட்டில் கட்டி வைத்தார்கள். அடுத்த வேலைக்குப் போனார்கள். ஒரு வருஷம் கழித்து, நடித்தவர்களுக்குப் பதிலாக நிஜமான பிள்ளைகள் தரையில் கிடந்தபோது, அதே குற்றம் அப்படியே திரும்ப வந்தது. குழந்தைக்கு ஜுரம் என்று கண்டுபிடித்துவிட்டு மருந்து வாங்காமல், ஜுரமானியை மாத்திரம் துடைத்துப் பெட்டியில் வைத்தவனை நாம் என்னவென்று அழைப்போம்?

ஒத்திகை என்பது ஒரு சோதனை. சோதனையில் பிழை வரவேண்டும். வந்த பிழையைத் திருத்தவேண்டும். திருத்தியபின் மறுபடி சோதிக்கவேண்டும். இதில்லாவிட்டால் ஒத்திகைக்கும் திவசத்துக்கும் என்ன வித்தியாசம்? வருஷத்துக்கு ஒரு நாள், குறித்த தேதியில், குறித்த ஆட்கள் வந்து, குறித்த மந்திரத்தைச் சொல்லிவிட்டுச் சாப்பிட்டுப் போவது இரண்டுக்கும் பொதுவாக இருக்கின்றது. திவசத்தினால் யாருக்கும் உயிர் போவதில்லை என்பது ஒன்றே வித்தியாசம்.

இந்த உயிர் போன கணக்கு நமது ஊகமல்ல. ஓய்வு பெற்ற ஹைகோர்ட்டு ஜட்ஜ் சர் ஜான் சாண்டர்ஸ் என்பவர் தலைமையில் விசாரணை நடந்து, இரண்டாவது அறிக்கை 2022-ம் வருஷம் நவம்பர் மாதத்தில் வெளியாயிற்று. மாண்ட 22 பேரில் ஒருவரேனும் தக்க சிகிச்சை தக்க காலத்தில் கிடைத்திருந்தால் பிழைத்திருக்கக் கூடும் என்று அதில் தீர்ப்பாகச் சொல்லியிருக்கின்றார். அந்த ஒருவர் ஓர் இளைஞர். காலில் அடிபட்டு இரத்தம் ஓடிக் கிடந்தார். பக்கத்தில் இருந்த முன்பின் தெரியாத ஒரு மனிதர் தம் மனைவியின் இடுப்புப் பட்டையை வாங்கி அந்தக் காலில் இறுக்கிக் கட்டி, கைவிடாமல் பிடித்துக்கொண்டிருந்தார். அவர் டாக்டரல்ல, அந்தப் பட்டையும் வைத்திய சாமான் அல்ல. முக்கால் மணி நேரத்துக்குப் பிறகு அந்த இளைஞரைப் பலகையில் போட்டுக் கீழே கொண்டுவந்தார்கள். ஆஸ்பத்திரிக்கு வண்டி புறப்படுமுன்னரே அவர் இருதயம் நின்றுவிட்டது.

இந்த ஒரு விஷயத்தை நாம் சற்று நின்று யோசிக்கவேண்டும். கையிலோ காலிலோ பெரிய இரத்தக் குழாய் அறுந்தால் சில நிமிஷங்களில் உயிர் போய்விடும். எப்பேர்ப்பட்ட சர்க்காரானாலும், எப்பேர்ப்பட்ட வண்டியானாலும் அந்தச் சில நிமிஷத்துக்குள் எல்லா இடத்துக்கும் வந்துவிட முடியாது. ஆகையால் முதல் வைத்தியன் பக்கத்தில் நிற்கிறவனே. அவனுக்கு இரத்தத்தை எப்படி அழுத்திப் பிடிப்பது, பட்டையை எந்த இடத்தில் எவ்வளவு இறுக்குவது என்று தெரிந்திருந்தால் ஒரு உயிர். தெரியாவிட்டால் ஒரு பிணம். இதைக் கற்றுக்கொள்ள ஒரு மத்தியானம் போதும். அமெரிக்காவில் பாஸ்டன் நகரத்தில் 2013-ம் வருஷம் ஏப்ரல் 15-ந் தேதி ஓட்டப் பந்தயத்தில் குண்டு வெடித்து 3 பேர் அந்த இடத்திலேயே மாண்டார்கள். 260 பேருக்கு மேல் காயம். பலருக்குக் கால் போயிற்று. ஆனால் உயிரோடு ஆஸ்பத்திரி போய்ச் சேர்ந்தவர்களில் ஒருவர்கூடச் சாகவில்லை. பந்தயத்துக்காக டாக்டர்களும் நர்ஸுகளும் அங்கேயே கூடாரம் போட்டிருந்தார்கள் என்பதும், வழியில் நின்றவர்கள் கையில் கிடைத்ததைக் கொண்டு காலை இறுக்கிக் கட்டினார்கள் என்பதும், எல்லோரையும் ஒரே ஆஸ்பத்திரியில் கொண்டுபோய்க் கொட்டாமல் பல ஆஸ்பத்திரிகளுக்குப் பங்கிட்டு அனுப்பினார்கள் என்பதும் காரணம். இதில் அற்புதம் ஒன்றும் இல்லை.

பாரிஸ் சங்கதியும் இப்படித்தான். 2015-ம் வருஷம் நவம்பர் 13-ந் தேதி இரவு பல இடங்களில் ஒரே சமயத்தில் சுட்டும் குண்டு வெடித்தும் 130 பேரைக் கொன்றார்கள். அன்று காலையில்தான் அந்த நகரத்து ஆம்புலன்ஸ் இலாக்காவும் தீயணைக்கும் படையும், நகரத்தில் பல இடங்களில் துப்பாக்கிச் சூடு நடந்தால் என்ன செய்வது என்று ஒத்திகை பார்த்திருந்தார்கள். ஜோசியக்காரன் சொல்லி நாள் குறித்ததல்ல. அந்த வருஷம் ஜனவரியிலேயே அங்கே பத்திரிகை ஆபீசில் புகுந்து கொலை செய்திருந்தார்கள். புத்தி உள்ளவர்கள் பாடம் படித்தார்கள். இரவு ஆஸ்பத்திரிகளுக்கெல்லாம் ஒரே உத்தரவு பறந்தது. வீட்டுக்குப் போயிருந்த டாக்டர்கள் திரும்பி ஓடி வந்தார்கள். அரசாங்க ஆஸ்பத்திரிகள் ஏற்ற சுமார் 300 பேரில் இறந்தவர்கள் 4 பேர். பாரிஸிலும் குறை இல்லாமலில்லை; காயமடைந்தவர்களைக் கொட்டகைக்குள்ளிருந்து வெளியே கொண்டுவர நேரமாயிற்று என்று அந்நாட்டுப் பார்லிமெண்டு விசாரணை குறை சொல்லிற்று. சொன்னதும் நல்லதுதான்.

நிற்க, ஓர் ஆட்சேபணைக்குச் சமாதானம் சொல்லவேண்டும். முதல் குண்டு வெடித்த இடத்தில் இரண்டாவது குண்டும் இருக்கலாம்; உதவிக்குப் போகிறவனும் ஒரு தாய்க்குப் பிள்ளைதானே; அவனை நெருப்பில் தள்ளச் சொல்லுகிறீர்களா என்று கேட்கலாம். கேள்வி நியாயமானது. கோயமுத்தூரைப் பற்றிப் பின்னால் சொல்லுவோம் என்றோமே, அது இதற்காகத்தான். 1998-ம் வருஷம் பிப்ரவரி 14-ந் தேதி அந்த நகரத்தில் ஒரு மத்தியானத்தில் பல இடங்களில் குண்டுகள் வெடித்து 58 பேர் மாண்டார்கள். குண்டு வெடித்த இடங்களில் பெரிய சர்க்கார் ஆஸ்பத்திரியின் வளாகமும் ஒன்று! அடிபட்டவனைத் தூக்கிக்கொண்டு ஓடுகிற இடத்திலேயே குண்டு. ஆகவே பயம் வீண் பயம் என்று நாம் சொல்லவில்லை.

நாம் சொல்லுவது வேறு. அபாயத்தைப் பார்த்துவிட்டுத் தயங்குவது ஜாக்கிரதை. பார்க்காமலே, எவனோ சொன்னான் என்று, மேலிடத்து உத்தரவு வரட்டும் என்று அரை மைல் தூரத்தில் நிற்பது ஜாக்கிரதையாகாது. மான்செஸ்டரில் கூடத்துக்குள் நின்ற சாதாரணப் போலீஸ்காரன் கண்ணால் கண்டதை நம்புவதற்கு ஓர் ஏற்பாடு இல்லை. கீழே உள்ளவன் கண்டது கணக்கில்லை, மேலே உள்ளவன் ஊகித்ததே கணக்கு என்கிற பழக்கம் நம் நாட்டுக்குப் புதிதல்ல. ஆனால் அது நம் நாட்டுக்கு மாத்திரம் சொந்தம் என்று நாம் நினைத்தது தப்பு என்று இப்போது தெரிகின்றது. யார் கிட்டே நிற்கின்றானோ அவனுடைய வார்த்தைக்கு மதிப்பு. யார் முதலில் வந்து சேருகின்றானோ அவனுக்கு முடிவு செய்ய அதிகாரம். அவன் நல்லெண்ணத்தோடு செய்த முடிவு தவறாகப் போனாலும் அவன் வேலைக்கு உலை வைக்கமாட்டோம் என்ற உறுதி. இந்த மூன்றும் இல்லாத இடத்தில் எவ்வளவு வண்டி வாங்கி நிறுத்தினாலும் அவை தெருவில்தான் நிற்கும்.

இனி நம் நாட்டுக்கு வருவோம். 2008-ம் வருஷம் நவம்பர் 26-ந் தேதி இரவு பம்பாயில் கடல் வழியாக வந்த பத்துப் பேர் ரயில்வே ஸ்டேஷனிலும் ஓட்டல்களிலும் புகுந்து சுட்டதில் 166 பேர் மாண்டார்கள். ஸ்டேஷனில் இருந்த போலீசாரிடம் தடியும் பழைய காலத்துத் துப்பாக்கியும் இருந்தன. இம்மாதிரி காரியத்துக்கென்றே பழக்கி வைத்திருந்த தேசியப் பாதுகாப்புப் படை டெல்லிக்குப் பக்கத்தில் மானேசரில் இருந்தது. அவர்களை எழுப்பி, விமானம் தேடி, கொண்டுவந்து இறக்க மறுநாள் காலை ஆகிவிட்டது. அடிபட்டவர்கள் கிடைத்த வண்டியில் ஆஸ்பத்திரிக்குப் போனார்கள். அந்த மாகாணத்தில் சர்க்காரின் 108 ஆம்புலன்ஸ் ஏற்பட்டதே 2014-ல்தான். தாஜ் ஓட்டல் தீப்பற்றி எரிந்தபோது தீயணைப்புக்காரர்கள் ஏணி வைத்து ஜன்னல் வழியாக மனிதர்களை இறக்கினார்கள். அவர்களைப் பற்றி எழுதினவர்கள் சொற்பம்.

துக்காராம் ஓம்ப்ளே என்ற போலீஸ்காரர், சுடுகிறவனுடைய துப்பாக்கிக் குழலை வெறுங்கையால் பிடித்துக்கொண்டு, குண்டுகளைத் தம் உடம்பில் வாங்கி உயிர் விட்டார். அதனாலேயே ஒருவன் உயிரோடு பிடிபட்டான். அவருக்கு அசோக சக்கரம் கொடுத்தார்கள், சிலை வைத்தார்கள், செய்ய வேண்டியதுதான். ஆனால் அவர் கையில் அன்று தடிதானே இருந்தது, அது யார் குற்றம் என்று ஒருவன் கேட்டால் அவனைத் தேசத் துரோகி என்கிறார்கள். வீரனைப் புகழுகிற சத்தத்தில் அவனுக்கு ஆயுதம் கொடுக்காதவன் பெயர் காதில் விழாமல் போவது பெரிய மோசம் என்றே நாம் கருதுகின்றோம். செத்தவனுக்கு மாலை போடுவதற்கு ஆகும் செலவு சொற்பம். உயிரோடிருப்பவனுக்குச் சாமான் வாங்கிக் கொடுப்பதற்கு ஆகும் செலவு அதிகம்.

பம்பாய்க்குப் பிறகு 2009-ல் மேற்படி படைக்குச் சென்னையிலும் மற்றும் மூன்று நகரங்களிலும் நிலையம் ஏற்படுத்தினார்கள். நமது மாகாணத்தில் 108 வண்டி 2008-ம் வருஷம் முதலே ஓடுகின்றது. பிரசவத்துக்கும் ரோட்டு விபத்துக்கும் அதனால் உண்டான நன்மையை யாரும் மறுக்க முடியாது. 2025-ம் வருஷம் ஏப்ரல் 22-ந் தேதி காஷ்மீரத்துப் பஹல்காமில் உல்லாசப் பிரயாணிகளைச் சுட்டுக் கொன்றபின், மே மாதம் 7-ந் தேதி தேசமெங்கும் ஒத்திகை நடத்த மத்திய சர்க்கார் உத்தரவிட்டு, நம் பக்கத்தில் கல்பாக்கத்திலும் சென்னைத் துறைமுகத்திலும் நடத்தினார்கள். நடத்தினது நல்ல காரியம். சங்கு ஊதினார்கள், ஜனங்களைக் கிளப்பினார்கள், அடிபட்டவனாக நடித்தவனைத் தூக்கினார்கள், படமும் எடுத்தார்கள். நமக்கு வேண்டியது அதற்கு அடுத்த ஏடு. அதில் தவறிப்போனது என்ன? எந்த வண்டி எத்தனை நிமிஷம் தாமதம்? போலீசாரும் தீயணைப்புக்காரரும் 108-காரரும் ஒருவரோடொருவர் பேச ஒரே கருவி இருக்கின்றதா, அல்லது அவரவர் சட்டைப் பையிலுள்ள செல்போன்தானா? கூட்டமான சமயத்தில் செல்போன் வேலை செய்யாது என்பது திருவிழாவுக்குப் போன எந்தக் குடியானவனுக்கும் தெரியும். மான்செஸ்டரில்கூட, பிள்ளைகளைக் காணோம் என்று தேடின பெற்றோர் விசாரிக்க வைத்திருந்த டெலிபோன் ஏற்பாடு அன்றிரவு படுத்துவிட்டது.

ஒத்திகையின் குறைகளை வெளியிட்டால் பயங்கரவாதிக்கு உளவு சொன்னதாகும் என்பார்கள். பூட்டு எங்கே இருக்கின்றது என்பதை வெளியிட வேண்டாம். பூட்டுக்குச் சாவி சேரவில்லை, மூன்று மாதத்தில் சேர்த்துவிடுவோம், சேர்த்தாயிற்று என்பதைச் சட்டசபையிலாவது சொல்லட்டும். மான்செஸ்டரில் குறையை மறைத்தது எந்தப் பயங்கரவாதியையும் ஏமாற்றவில்லை. ஊராரைத்தான் ஏமாற்றிற்று.

அந்த நாட்டில் மகனை இழந்த ஒரு தாய் ஓயாமல் முயற்சி செய்ததன் பேரில், 200 பேருக்குமேல் கூடுகின்ற இடங்களின் சொந்தக்காரர்கள் ஆபத்துக் காலத்துக்கு ஏற்பாடு செய்து வைக்கவேண்டும் என்று 2025-ம் வருஷம் ஏப்ரல் மாதம் சட்டம் செய்திருக்கின்றார்கள். அமுலுக்கு வர இரண்டு வருஷமாவது அவகாசம் கொடுத்திருக்கின்றார்கள். 2017-ல் நடந்ததற்கு 2025-ல் சட்டம். அதற்குப் பிறகும் இரண்டு வருஷம் என்றால், தாய்மார்கள் கேட்காவிட்டால் எத்தனை வருஷம் ஆகியிருக்கும் என்று வாசகர்களே கணக்குப் பார்த்துக்கொள்ளலாம்.

நம் ஊர்களில் 200 பேர் கூடாத கல்யாண மண்டபம் உண்டா? சினிமாக் கொட்டகை, ரயில்வே ஸ்டேஷன், பஸ் ஸ்டாண்டு, தேர்த் திருவிழா, அரசியல் கட்சிகளின் மாநாடு ஆகிய எல்லா இடத்திலும் ஆயிரக்கணக்கில் கூடுகின்றோம். நமது மாநாடுகளையும் சேர்த்துத்தான் சொல்லுகின்றோம். குண்டே வேண்டியதில்லை, நெரிசல் ஒன்றே போதும். சென்ற வாரம் நம் தோழர்கள் சிலரோடு ஒரு கூட்டத்துக்குப் போயிருந்தபோது, பந்தலில் தூக்குக் கட்டில் எங்கே என்று கேட்டுப் பார்த்தோம். மேடைக்குப் பின்னால் இருக்கும் என்றார் ஒருவர். பின்னால் போய்ப் பார்த்தோம். மாலைகளும் சோடா பெட்டிகளும் இருந்தன. வண்டி உள்ளே வர வழி எது என்று கேட்டோம். அந்த வழியில்தான் தலைவர்களின் மோட்டார்கள் வரிசையாக நிறுத்தி வைக்கப்பட்டிருந்தன.